ஒரு சாண் தண்ணீருக்கு எவ்வளவு வெளிச்சம்?

பவளம் வளர்க்கும் என் உப்புத் தண்ணீர்த் தொட்டி, அதாவது ரீஃப் டேங்க், மூன்றடி நீளம், இரண்டடி அகலம். உயரம் ஓரடிதான். விளிம்பு விட்டு நிரப்பினால் தண்ணீர் 27 செ.மீ. நிற்கும். அடியில் 4 செ.மீ. மணல். ஆக, மணலில் உட்கார்ந்திருக்கும் மஷ்ரூம் பவளத்துக்கு மேலே இருப்பது ஒரு சாண் தண்ணீர். பாறை உச்சியில் இருப்பதற்கு நாலு விரல்கூட இல்லை. லைட் வாங்கக் கிளம்பும் முன் உங்கள் தொட்டியில் இந்த அளவை டேப் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் அதை எடுக்காமல்தான் போனேன். சென்னை கொளத்தூரில் ஒரு கடையில், பவளம் வளர்க்கப் போகிறேன் என்றதும், “பவர் இருந்தால்தான் சார் நிற்கும்” என்று 165 வாட் கறுப்புப் பெட்டி எல்.இ.டி. ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். தொட்டி எவ்வளவு ஆழம் என்று யாரும் கேட்கவில்லை. நீர்மட்டத்துக்கு மேல் 15 செ.மீ. உயரத்தில் அதை மாட்டினேன். நான்கே நாளில் லெதர் பவளம் தலையில் சிலிர்த்து நிற்கும் பூ இழைகளை உள்ளே இழுத்துக்கொண்டது. பத்தாம் நாள் அதன் பழுப்புத் தோல் பால் ஏடு நிறத்துக்கு வந்துவிட்டது. மஷ்ரூம்களின் ஓரம் வாடிய வெற்றிலை மாதிரி சுருண்டது. பாறை நிழலில், மூலையில் இருந்த இரண்டு மட்டும் தட்டு மாதிரி விரிந்து நின்றன. வெளிச்சம் போதவில்லையோ என்று அதுவரை கவலைப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, அந்த இரண்டைப் பார்த்த பிறகுதான் நடப்பது புரிந்தது.

பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. ஒளியை உணவாக்கிப் பவளத்துக்குப் பங்கு கொடுப்பவை அவைதான். வெளிச்சம் தாங்கும் அளவைத் தாண்டினால் பாசிக்குள் நச்சு ஆக்சிஜன் சேரும், பவளம் பாசியை வெளியேற்றிவிடும். நிறம் வெளுப்பது அதனால்தான். ஆழமான தொட்டியில் தண்ணீரும் தூரமும் வெளிச்சத்தைக் குறைத்துக் கொடுக்கும். ஒரு சாண் தொட்டியில் அந்தக் காப்பு கிடையாது. அதனால் நம் தொட்டிக்கு லைட் தேடும்போது பார்க்க வேண்டியவை மூன்று: வெளிச்சம் சமமாகப் பரவுகிறதா, குறைக்க முடிகிறதா, உயரத்தை மாற்றி மாட்ட முடிகிறதா. பவர் எதிலும் தேவைக்கு மேலேயே இருக்கும்.

அடுத்தது, என்ன வளர்க்கப் போகிறீர்கள். இந்தியாவில் கல் பவளங்கள் அத்தனையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்பட்டவை. கடல் விசிறியும் அப்படியே. யாராவது ‘ராமேஸ்வரம் சரக்கு’ என்று ஒரு கல் பவளத்தை நீட்டினால் வாங்காதீர்கள். நான் வைத்திருப்பது மஷ்ரூம், ஜோவா, லெதர், கிரீன் ஸ்டார் போன்ற, கல் கூடு கட்டாத மென்மையான பவளங்கள் மட்டும். கண்ணுக்கு இவை போதும், மிதமான வெளிச்சத்திலேயே தழைக்கவும் செய்யும்.

வெளிச்சத்தை அளக்க ‘பார்’ என்று ஒரு கணக்கு உண்டு. 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை விழுகின்றன என்பதை மைக்ரோமோலில் சொல்வது. உச்சி வெயிலில் மொட்டைமாடியில் வைத்தால் 2000 வரை காட்டும். மஷ்ரூமுக்கு 50 முதல் 100 வரை, லெதருக்கும் ஜோவாவுக்கும் 80 முதல் 150 வரை என்று வைத்துக்கொண்டால் தவறாது. பார் மீட்டர் விலை அதிகம். ரீஃப் வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் கேளுங்கள், நானும் அப்படித்தான் அளந்தேன். போனில் இருக்கும் லக்ஸ் ஆப்பை நம்ப வேண்டாம். அது நம் கண்ணைப் போலப் பச்சைக்கு அதிக மதிப்பும் நீலத்துக்குக் குறைந்த மதிப்பும் கொடுக்கும். ரீஃப் லைட்டில் பெரும்பகுதி நீலம் என்பதால் அளவு குறைவாகத் தெரியும், நீங்கள் இன்னும் கூட்டுவீர்கள்.

அந்த இரவல் மீட்டரை வைத்துப் பழைய பெட்டியை அளந்தபோது நடுமணலில் 410, மூலைகளில் 35. ஒரே தொட்டிக்குள் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம்! காரணம் லென்ஸ். எல்.இ.டி. முத்து ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னக் குவிவில்லை இருக்கும். 60 டிகிரி லென்ஸ் என்றால், 30 செ.மீ. உயரத்திலிருந்து நீர்ப்பரப்பில் விழும் வட்டம் சுமார் 35 செ.மீ. அகலம்தான். 120 டிகிரி என்றால் அதே உயரத்தில் ஒரு மீட்டரைத் தாண்டிப் பரவும். குறுகிய லென்ஸ் ஆழத் தொட்டிக்காகச் செய்தது. நமக்கு 120 டிகிரி, அல்லது லென்ஸே இல்லாமல் பால் நிற மறைப்பு போட்டது. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வாட்டைவிட இந்த டிகிரியைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், ஒரு பெரிய லைட்டைவிட இரண்டு சின்ன லைட் எப்போதும் மேல். தொட்டியை இடம், வலம் என இரண்டு பாதியாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாதிக்கும் நடுவில் ஒன்று மாட்டுங்கள். என்னுடையவை 50 வாட் விளக்குகள் இரண்டு, நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. மேலே, 60 சதவீதத்தில் ஓடுகின்றன. இப்போது நடுவில் 130, மூலையில் 80. எங்கே வைத்தாலும் பவளம் பிழைக்கும் என்ற நிம்மதி இருக்கிறது. நீளமான எல்.இ.டி. பட்டைகள் இரண்டை இணையாக மாட்டினாலும் இதே பலன் கிடைக்கும். ஏற்கெனவே கறுப்புப் பெட்டி வாங்கிவிட்டீர்களா? தூக்கிப் போட வேண்டாம். 45 செ.மீ. உயரத்துக்கு ஏற்றி, வெள்ளை வெளிச்சத்தை நன்றாகத் தணித்து, நீலத்தைக் கால் பங்கில் வைத்து ஆரம்பியுங்கள்.

டி5 குழல் விளக்கு பரவலில் எல்.இ.டி.யை விடச் சிறந்தது, நிழல் அதிகம் விழாது. ஆனால் குழலை வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், நினைத்த நேரத்தில் இங்கே கிடைப்பதில்லை. சூடு கக்கும் மெட்டல் ஹாலைடு விளக்கை நம் ஊர் வெயிலில் யோசிக்கவே வேண்டாம். செடி வளர்க்கும், சிவப்பு கலந்த ஊதா விளக்கும் வேண்டாம்.

இன்னொரு காரணத்துக்காகவும் எல்.இ.டி. எனக்குப் பிடிக்கும். சின்ன வயதில் விடுமுறைக்கு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊருக்குப் போனால் முழங்கால் ஆழத் தண்ணீரில் அசையாமல் நின்று கீழே பார்ப்பேன். வெளிச்சம் வலை பின்னினாற்போல மணல் மேல் ஓடும், என் பாதத்தின் மேலும் ஓடும். சிறு புள்ளியிலிருந்து வரும் ஒளிதான் அலையில் பட்டு அப்படி வலை பின்னும். டி5இல் அது வராது. ஆழம் குறைந்த தொட்டியில், அலை போடும் பம்ப் ஓடும்போது, அந்த வலை மணலில் தெளிவாகத் தெரிகிறது. மீட்டரில் எண் ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்குவதும் இதனால்தான். பம்ப் ஓடும்போதே அளந்து, ஒரு நிமிடம் பார்த்துச் சராசரி எடுங்கள்.

நிறத்துக்கு வருவோம். பவளப் பாசி அதிகம் உறிஞ்சுவது 420 முதல் 480 நானோமீட்டர் வரையான ஊதா, நீலப் பகுதி. ஜோவாக்கள் பச்சையும் ஆரஞ்சுமாக ஒளிர்வதும் அதில்தான். நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு உள்ளதை வாங்குங்கள். நான் நீலத்தை 60, வெள்ளையை 15 என்று வைத்திருக்கிறேன். வெள்ளையும் சிவப்பும் கூடினால், இவ்வளவு கிட்டத்தில், கண்ணாடியிலும் பாறையிலும் வேண்டாத பாசி வேகமாகப் படரும்.

ஓரடித் தொட்டியின் அழகே மேலிருந்து குனிந்து பார்ப்பதில் இருக்கிறது. அதனால் ஸ்டாண்டில் பொருத்துவதைவிடக் கூரையிலிருந்து கம்பியில் தொங்கவிடுவது நல்லது. உயரத்தையும் மாற்றலாம். குனியும்போது கண்ணில் அடிக்காதபடி விளக்கின் ஓரத்தில் ஒரு மறைப்பு போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் ஆறு வயதுப் பிள்ளையின் கண்மட்டத்தில்தான் விளக்கு நிற்கிறது, அவளுக்காகத்தான் முதலில் அதைச் செய்தேன்.

மே மாதத்தில் வெளிச்சத்தோடு வெப்பமும் சேர்ந்து அடிக்கும். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தது கடல்நீர் சூடேறியதால்தான். சூட்டில் இருக்கும் பவளத்துக்கு வழக்கமான வெளிச்சமே அதிகம். கோடையில் நான் விளக்கு நேரத்தை மாலை 3 முதல் இரவு 11 வரை தள்ளி, பத்து சதவீதம் தணித்துவிடுவேன். நீர்ப்பரப்பின் மேல் சின்ன விசிறியும் ஓடும். பரப்பு பெரிது என்பதால், தண்ணீர் ஆவியாகி மட்டம் ஒரு செ.மீ. இறங்கினால் 5.4 லிட்டர் போய்விட்டது என்று அர்த்தம், உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

மின்சாரத்தில் அலட்சியம் கூடாது. உப்புத் தண்ணீர் தெறிக்கும் இடம் இது. தூசியும் நீரும் புகாத தரத்தைச் சொல்லும் ஐ.பி. எண் 65க்குக் குறையாத விளக்காகப் பாருங்கள். விளக்குக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் பெட்டியைத் தொட்டிக்கு மேலே வைக்காதீர்கள். வயர் பிளக்குக்கு ஏறும் முன் ஒரு முறை கீழே தொங்கி வளைந்து வரட்டும், வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அந்த லைனுக்கு, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் கட்டாயம். டைமர், பேட்டரி உள்ளதாக இருக்கட்டும். முள் சுற்றும் டைமர் கரண்ட் போன நேரமெல்லாம் பின்தங்கி, ஒரு மாதத்தில் நள்ளிரவில் விளக்கைப் போடும். செலவு அதிகமில்லை. என் இரண்டு விளக்கும் சேர்ந்து 62 வாட் இழுக்கின்றன, 8 மணி நேரத்துக்கு அரை யூனிட். இரண்டு மாத பில்லில் முப்பது யூனிட் வரும்.

சரி, மாட்டியாகிவிட்டது. முதல் வாரம் 30 சதவீதம், 6 மணி நேரம் போதும். வாரம் 5 சதவீதம் ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் மூன்றாம் நாள் பாருங்கள். ஜோவாவின் தண்டு கொக்குக் கழுத்தாக நீண்டால் வெளிச்சம் போதவில்லை. மஷ்ரூம் சுருங்கி ஓரம் மடிந்தால், மேல்பக்கம் மட்டும் வெளுத்தால், அன்றைக்கே பத்து சதவீதம் இறக்குங்கள். லெதர் மட்டும் ஒரு வாரம் மூடிக் கிடந்து தோல் உரித்து மறுபடி விரியும், அதற்குப் பயப்பட வேண்டாம். என் லெதர் அந்தப் பத்து நாளிலிருந்து மீண்டு பழைய பழுப்புக்கு வர நான்கு மாதம் ஆயிற்று. ஞாயிறுதோறும் விளக்கை அணைத்து, ஆறியதும், ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் லென்ஸ் மேல் படிந்த உப்பைத் துடைத்துவிடுங்கள். மூன்று வாரம் துடைக்காமல் விட்டபோது எனக்கு 130, 110 ஆக இறங்கியிருந்தது.