இரண்டு தீப்பெட்டிகளில் ஒரு கிரேக்கக் கடற்போர்

ஏதென்ஸும் ஸ்பார்ட்டா அணியும் மோதிய போரைப் படிக்கத் தொடங்குபவர்கள் ஊர்ப்பெயர்களிலேயே களைத்துவிடுகிறார்கள். ஒரே ஒரு சண்டையை மேசைமீது நடத்திப் பாருங்கள். கி.மு. 429, பத்ராஸ் வளைகுடா. ஃபோர்மியோவின் தலைமையில் ஏதென்ஸின் 20 கப்பல்கள். எதிரே ஸ்பார்ட்டா அணியைச் சேர்ந்த கொரிந்து நகரமும் அதன் கூட்டாளிகளும் கொண்டுவந்த 47.

1. ஒரு பெரிய தாளில் மேலும் கீழுமாக இரண்டு கரைகளை வரையுங்கள். வலப்பக்கம், அதாவது கிழக்கே, கரைகள் நெருங்கி ஒரு குறுகிய வாயில் இருக்கட்டும்.

2. 67 தீக்குச்சிகளை எண்ணி எடுங்கள். ஒரு குச்சி ஒரு டிரைரீம்: மூன்று அடுக்காக அமர்ந்து 170 பேர் துடுப்பு வலிக்கும் ஒடுங்கிய கப்பல். மருந்துத் தலைதான் அதன் வெண்கல முட்டுமுனை. எதிரியின் விலாவில் அதை மோதி உடைப்பதே சண்டை.

3. 42 குச்சிகளைத் தலை வெளியே தெரிய வட்டமாக அடுக்குங்கள். நடுவில் உதவிக்கு ஓட ஐந்து குச்சிகள், சிறு படகுகளாகச் சில அரிசிமணிகள். மேற்குக் கிரேக்கத்தின் அகர்னேனியா பகுதிக்குப் படைவீரர்களை ஏற்றிச்சென்ற கொரிந்தியர், முள்ளம்பன்றிபோல் இப்படித்தான் சுருண்டுகொண்டார்கள்.

4. மீதி இருபதையும் ஒற்றை வரிசையில் வட்டத்தைச் சுற்றி நகர்த்துங்கள். முதல்முறை அடுக்கியபோது தவறு செய்துவிட்டேனோ என்று சந்தேகப்பட்டேன்; விலாவையல்லவா எதிரிக்குக் காட்டுகிறார்கள்! ஃபோர்மியோ தெரிந்தேதான் செய்தார். உரசுவதுபோல் நெருங்கி, இதோ பாயப்போகிறோம் என்று மிரட்டினார். ஒவ்வொரு சுற்றுக்கும் வட்டத்தை ஒரு விரற்கடை உள்ளே தள்ளுங்கள்.

5. இப்போது நிறுத்துங்கள். அவசரப்பட்டால் எல்லாம் வீண். விடியலில் குறுகிய வாயிலுக்கு அப்பாலுள்ள கிழக்கு வளைகுடாவிலிருந்து காற்று வீசும் என்பது ஃபோர்மியோவுக்குத் தெரியும். வலப்பக்கத்திலிருந்து நீங்களே மெல்ல ஊதுங்கள். அரிசி சிதறும், குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அன்றும் அதுதான் நடந்தது: கழிகளால் ஒருவரையொருவர் தள்ளினார்கள், ஏசினார்கள், அந்தக் கூச்சலில் கட்டளை எவர் காதிலும் விழவில்லை. அலை எழும்பியதும் பழக்கமில்லாதவர்களால் துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கக்கூட முடியவில்லை.

6. இருபதையும் உள்ளே திருப்புங்கள். முதலில் ஒரு தளபதியின் கப்பல் மூழ்கியது. பிடிபட்டவை 12, அவற்றை உங்கள் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். தப்பியவை தென்கரை ஊர்களான பத்ராஸுக்கும் டைமிக்கும் ஓடின.

ஒரு குச்சியை மட்டும் தாளின் ஓரத்தில் தனியே வையுங்கள். வென்றவர்கள் கடல் தெய்வம் பொசைடனுக்கு ஒரு கப்பலைக் காணிக்கையாக்கிவிட்டுத்தான் தங்கள் கடற்படைத் தளமான நௌபாக்டஸுக்குத் திரும்பினார்கள்.