வன்னியில் இரண்டு இரவுகள்

வெளிநாட்டிலிருந்து வந்து கொழும்பில் வான் பிடித்து நேராக யாழ்ப்பாணம் போகும் நம்மவர்களில் பலர் இடையில் உள்ள வன்னிப் பெருநிலத்தை யன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்கள். கிளிநொச்சியில் ஒரு தேநீர், ஆனையிறவில் நான்கு படங்கள், அதற்குள் பிள்ளைகள் நல்லூர் எப்போது வரும் என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். இம்முறை போகும்போது இரண்டு இரவாவது வன்னியில் தங்குங்கள். முதல் இரவு கிளிநொச்சியில், அடுத்தது முல்லைத்தீவில். போர் நடந்த நிலம் இது. அதே நேரத்தில் குளமும் வயலும் கோயிலும் கடலுமாக இன்றும் மக்கள் வாழும் நிலம். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்கு ஒரு பகல் போதாது.

தை பிற்பகுதி முதல் பங்குனி வரை பயணத்துக்கு நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், குளங்கள் நிறைந்திருக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை கொட்டும், உட்பாதைகள் சேறாகிவிடும். நல்லூர்த் திருவிழாவுக்காக ஆடி, ஆவணியில் வருகிறவர்கள் கடும் வெயிலுக்கும் தூசிக்கும் ஆயத்தமாக வர வேண்டும்.

யாழ்தேவி ரயில் கிளிநொச்சியில் நிற்கும். அங்கு இறங்கி, வன்னியைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவரின் வானையோ ஓட்டோவையோ நாள் வாடகைக்குப் பேசிக்கொள்வதே என் விருப்பம். கொழும்பு ஓட்டுநருக்குப் பெருந்தெரு தெரியும். வன்னி ஓட்டுநருக்கோ எந்த வளவில் யார் இருந்தார்கள், எந்தப் பாதையால் எப்போது இடம்பெயர்ந்தார்கள் என்பது தெரியும். காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி பேசுங்கள், அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

முதல் நாள் ஆனையிறவுக்குப் போங்கள். குடாநாட்டையும் பெருநிலப்பரப்பையும் இணைக்கும் ஒடுங்கிய தரை அது. யாழ்ப்பாணத்தை ஆள நினைத்தவர்கள் எல்லோரும் அதைப் பிடித்து வைக்க முயன்றார்கள். ஒல்லாந்தரும் அங்கே சிறு கோட்டை கட்டினார்கள். 1991இல் பெரும் சமர் நடந்தது. 2000 ஏப்ரலில் அங்கிருந்த இராணுவத் தளம் புலிகளிடம் வீழ்ந்தது. 2009 ஜனவரியில் இராணுவம் மீண்டும் கைப்பற்றியது. வீதியோரம் நிற்கும் கவச புல்டோசர் 1991இல் புலிகள் கொண்டுவந்தது. அதைத் தடுத்து உயிரிழந்த சிப்பாயின் நினைவாக அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வென்ற தரப்பின் கதையை அந்த இடத்தில் வாசிக்கலாம். மற்றத் தரப்பின் கதையைச் சொல்லும் பலகையை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். அதைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். பிள்ளைகளை அழைத்துச் செல்கிறவர்கள் போவதற்கு முந்தின இரவே அவர்களுடன் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

மாலையில் இரணைமடுக் குளக்கட்டில் நடக்கலாம். கிளிநொச்சி வயல்கள் இந்தத் தண்ணீரை நம்பியிருக்கின்றன. நகரில் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தாய்மாரைச் சந்திக்க நேர்ந்தால் படம் எடுப்பதற்கு முன் உட்கார்ந்து கேளுங்கள்.

இரண்டாம் நாளை முழுமையாகப் பரந்தன்–முல்லைத்தீவு வீதிக்கு ஒதுக்குங்கள். தூரம் ஏறக்குறைய 50 கிலோமீற்றர்தான். ஆனால் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, வள்ளிபுனம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் என்று வரும் ஊர்களின் வரிசைதான் 2009இல் மக்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போன வரிசை. அதனால்தான் பரந்தனிலிருந்து கிழக்கே போகச் சொல்கிறேன்; எதிர்த்திசையில் வந்தால் இது புரியாது. வள்ளிபுனத்தில் செஞ்சோலைச் சிறுவர் இல்ல வளாகம் 2006 ஆகஸ்ட் 14 அன்று குண்டுவீச்சுக்கு உள்ளானது. புதுக்குடியிருப்பு மருத்துவமனை 2009 பெப்ரவரியில் எறிகணைக்கு இலக்கானது.

முள்ளிவாய்க்கால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் நந்திக்கடல் நீரேரியும் உள்ள மணல் துண்டு. கடைசி மாதங்களில் நடந்த போரில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் கூறியது. வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்ததையும் அதே அறிக்கை பதிவு செய்திருக்கிறது. இரண்டையும் தெரிந்துகொண்டு அந்த மண்ணில் நில்லுங்கள். மே 18 அன்று நினைவேந்தலுக்குப் போவதானால் காலையிலேயே போய்விடுங்கள். அங்கு தரும கஞ்சியை வாங்கிக் குடியுங்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும்தான். போரின் கடைசி நாட்களில் அங்கிருந்தவர்களுக்குக் கிடைத்த உணவு அது.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சிவப்பு மிதிவெடிப் பலகை உள்ள இடத்தில் ஓர் அடிகூட உள்ளே வைக்காதீர்கள். முகமாலைப் பக்கம் நாட்டின் மிகப் பெரிய மிதிவெடி நிலங்களுள் ஒன்றாக இருந்தது. பலகை இல்லாத பற்றைக்குள்ளும் இறங்க வேண்டாம். மண்ணில் கிடக்கும் இரும்புத் துண்டு எதையும் நினைவுப் பொருளாக எடுக்காதீர்கள். இராணுவ முகாம்களைப் படம் எடுக்கவும், அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடவும் கூடாது. புலிச் சின்னங்கள் கொண்ட பொருள்களை வைத்திருந்தால் சட்டச் சிக்கல் வரும். நீங்கள் விமானம் ஏறிய பிறகும் உங்களை அழைத்துச் சென்ற ஊரவரிடம் விசாரணை தொடரலாம்.

மக்களிடம் பேசும்போது போர்க் கேள்வியோடு தொடங்காதீர்கள். "ஐயா, எந்த ஊர்?", "அக்கா, இந்த முறை வெள்ளாமை எப்படி?" என்று கேட்டால் போதும். சொல்ல விரும்புகிறவர்கள் தாமாகவே சொல்வார்கள். திரும்பிப் போய்ப் பணம் அனுப்புகிறேன் என்ற வாக்கை, நிறைவேற்ற முடியாவிட்டால், கொடுக்கவே வேண்டாம். அப்படிக் காத்திருந்து சலித்தவர்கள் வன்னியில் நிறையப் பேர்.

உணவுக்கு அம்மாச்சி உணவகங்களைத் தேடுங்கள். உள்ளூர்ப் பெண்கள் நடத்துகிறார்கள். குரக்கன் புட்டு, இலைக்கஞ்சி, உழுந்து வடை எல்லாம் கண்முன்னே செய்து தருவார்கள், காசும் அவர்கள் கைக்கே போகும். முல்லைத்தீவில் நந்திக்கடல் இறாலைச் சாப்பிடாமல் வரக்கூடாது.

மூன்றாம் நாள் காலை வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில். வைகாசிப் பொங்கலின்போது கடல்நீரை எடுத்துவந்து அதில் விளக்கெரிப்பார்கள். பொங்கல் நடக்கும் திங்கட்கிழமையில் வன்னி முழுவதும் அங்கேதான் திரளும். பிறகு மாங்குளம் வீதியால் திரும்புங்கள். வழியில் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலையும், அருகே கற்சிலைமடுவையும் பார்க்கலாம். 1803 ஆகஸ்ட் 25 அன்று வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயர் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை அவனைத் தோற்கடித்தது. தோற்கடித்தவர்கள் அதன் நினைவாகக் கற்சிலைமடுவில் ஒரு கல் நட்டார்கள்; ஆனாலும் நம்மவர்கள் அங்கே போவது பண்டாரவன்னியனுக்காகவே. மாங்குளம் சந்தியை மதியத்துக்குள் அடைந்துவிட்டால், யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் பகலிலேயே ஏறிவிடலாம்.