பழங்காலப் புவித்தட்டு எல்லைகளைப் புவி இயற்பியல் அளவீடுகளால் கண்டறிவது எப்படி?

இரு கண்டங்களுக்கு இடையே இருந்த கடல் மூடி அவை மோதி இணைந்த பின், பழைய தட்டு எல்லை கண்டத்தின் உட்பகுதியில் ஒரு பிணைப்பு வலயமாக எஞ்சுகிறது. அதன் மேல் படிவுப் பாறைகள் படர்ந்து மூடியிருந்தால், ஆழத்திலுள்ள பாறைகளின் இயற்பியல் பண்புகளை அளந்தே அதைத் தேட முடியும்.

படி 1: நிலவியல் வரைபடத்தில் ஓபியோலைட் தொகுதிகள், அதாவது நிலத்தின் மேல் ஏற்றப்பட்ட பழைய கடல்தளத் துண்டுகள், எங்கெங்கே வெளிப்படுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: வான்வழிக் காந்த வரைபடத்தை அதன் மேல் பொருத்துங்கள். ஒரு திசையில் நீளும் காந்தப் பட்டைகள் திடீரென அறுபட்டு, அப்பால் வேறு திசையில் பட்டைகள் தொடங்கும் கோடே இங்கு முக்கியம். தனித்து ஒளிரும் உச்சங்களைத் துரத்த வேண்டாம். ஆழம் கூடக்கூட வெப்பம் மிகுகிறது; பாறைகளின் காந்த இரும்புக் கனிமமான மேக்னடைட் ஏறக்குறைய 580 பாகை செல்சியசில் தன் வலுவான காந்தத்தன்மையை இழப்பதால், இம்முறை மேலோட்டின் மிக ஆழமான பகுதிகளைக் காட்டாது.

படி 3: பூகேர் ஈர்ப்பு வரைபடத்தில், அதாவது நில உயரத்தின் தாக்கத்தை நீக்கிய ஈர்ப்பு வரைபடத்தில், குறைந்த ஈர்ப்பும் மிகுந்த ஈர்ப்பும் அருகருகே இணையாக ஓடும் இரட்டைப் பட்டையைத் தேடுங்கள். கனடாவின் மிகப் பழைய பாறைப் பரப்பான கனடியக் கேடயப் பகுதியின் பல நிலவியல் மாகாண எல்லைகளில் இது தெளிவாகத் தெரிகிறது. ஆயினும் ஒரே ஈர்ப்பு வளைவை எண்ணற்ற அடர்த்தி மாதிரிகளால் விளக்க முடியும் என்பதால், இதை மட்டும் நம்பி எல்லை வரைவது தவறு.

படி 4: என் மதிப்பீட்டில், மிகுந்த நேரத்தைச் செலவிட வேண்டியது ஆழ் நிலநடுக்க எதிரொலிப்பு ஆய்வில்தான்; அதாவது செயற்கையாக எழுப்பிய அதிர்வலைகள் ஆழத்துப் பாறைகளில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்யும் ஆய்வில். அலை இறங்கித் திரும்பும் நேரத்தை 15 விநாடி வரை பதிவு செய்தால், மேலோட்டில் சராசரி வேகம் விநாடிக்கு 6 கிலோமீட்டர் என்று கொண்டு, சுமார் 45 கிலோமீட்டர் ஆழம் வரை எட்டலாம். மேலோட்டைச் சாய்வாக வெட்டிச் செல்லும் எதிரொலிகளையும், மேலோட்டின் அடித்தளம் திடீரென இடம் மாறும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 42 கோடி ஆண்டுகளுக்கு முன் மூடிய இயாபெடஸ் கடலின் எல்லை, பிரிட்டனைச் சுற்றிய கடற்பகுதிகளில் எடுக்கப்பட்ட குறுக்குவெட்டுகளில் வடக்கு நோக்கிச் சாயும் எதிரொலிகளாகப் பதிவானது. எதிரொலிகளை அவை உண்மையில் எழுந்த இடத்துக்கு நகர்த்தும் இடப்பெயர்ப்புத் திருத்தம் செய்யாத குறுக்குவெட்டில் சாய்வு உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும். ஆய்வுக்கோடு எல்லையைச் செங்குத்தாகக் கடக்காவிட்டாலும் அப்படியே. இவ்விரண்டையும் சரிபார்த்த பிறகே கோணத்தை அளக்க வேண்டும்.

படி 5: புவியின் இயற்கையான மின்புல, காந்தப்புல மாற்றங்களை நிலத்தின் மேல் அளக்கும் காந்த-மின்புல ஆய்வு, ஆழத்திலுள்ள மின்கடத்தும் பட்டைகளைக் காட்டும். மோதலின்போது புதைந்த கரிமப் படிவுகள் கிராஃபைட்டாக மாறி இப்படிக் கடத்துவதுண்டு. உப்புநீரும் கடத்தும் என்பதை மறக்கலாகாது.

படி 6: எல்லா வரைபடங்களையும் ஒரே அளவுத்திட்டத்தில் அடுக்கி, மாற்று விளக்கங்களைச் சோதியுங்கள். வட அமெரிக்காவின் நடுக்கண்டப் பிளவு வலுவான ஈர்ப்பு, காந்த முரண்களைக் காட்டினாலும், அது சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டம் பிளக்கத் தொடங்கி நின்றுபோன இடமேயன்றி, இரு கண்டங்கள் இணைந்த இடமன்று. எனவே கோட்டின் இருபுறமும் ஆழ்துளைகளில் கிடைக்கும் பாறைகளின் சிர்கான் வயதை, அதாவது அவற்றிலுள்ள சிர்கான் என்னும் கனிமத்தைக் கொண்டு கணித்த வயதை, ஒப்பிடுங்கள். இணைவுக்கு முந்தைய வரலாறு இருபுறமும் ஒன்றாகவே இருந்தால், அக்கோட்டைத் தட்டு எல்லை என்று குறிக்க வேண்டாம்.