குடும்ப வாட்ஸ்அப் குழுவை நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் பொறுப்பைச் சென்ற மாதம் தம்பி மகனிடம் ஒப்படைத்தேன். பத்தே நாளில், ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவற்றை அவனும் செய்யப் போனான். தட்டச்சு செய்ததை அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டியதால் தப்பித்தோம். காலை வணக்கப் படங்களைப் பற்றியும் வதந்திகளைப் பற்றியும் இங்கே சொல்லப் போவதில்லை; ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் பகிர முடியாதபடி 2018-இலேயே இந்தியாவில் அந்த நிறுவனம் வரம்பு வைத்துவிட்டது.

துக்கச் செய்தியை முதலில் குழுவில் போடுவது

என் பெரியப்பா விடியற்காலை நான்கு மணிக்குக் காலமானார். மருத்துவமனை வாசலில் நின்றபடியே, 'பெரியப்பா இறைவனடி சேர்ந்தார், மாலை எடுக்கிறோம்' என்று குழுவில் போட்டுவிட்டேன். மஸ்கட்டில் இருந்த அவர் மகளுக்கு அப்போது இரவு இரண்டரை மணி. குழந்தைக்குப் பால் கலக்க எழுந்தவள், பூட்டியிருந்த திரையிலேயே அந்த வரியைப் படித்திருக்கிறாள். கணவர் இரவு வேலையில் இருந்தார். அவரிடம் முதலில் சொல்லி, அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு தங்கைக்குச் சொல்லலாம் என்று அவளுடைய அண்ணன் நினைத்திருந்தார். பதறிப்போய்ச் செய்தியை அழித்தேன். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி மிஞ்சியது, அதைக் கண்ட சித்தி யாருக்கு என்ன ஆயிற்றோ என்று வீடு வீடாக அழைக்கத் தொடங்கிவிட்டார். பெரியப்பா மகள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "என் நம்பர் உங்களிடம் இல்லையா, அண்ணா?"

கேதம் சொல்ல ஆள் அனுப்பிய காலத்தில், யாருக்கு முதலில், யார் வழியாக என்ற ஒழுங்கு இருந்தது. தந்தி அடித்தவர்கள்கூட இறப்பை எழுதத் தயங்கி, 'கவலைக்கிடம், உடனே புறப்படு' என்றே அடித்தார்கள். 2013 ஜூலையில் அந்தச் சேவையும் முடிந்தது. குழுவோ, பெற்ற மகளையும், ஏதோ ஒரு கல்யாணத்தில் ஒருமுறை பார்த்த ஒன்றுவிட்ட உறவினரையும் ஒரே நொடியில் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது. நாற்பது அழைப்புகள் மிச்சமாகும் என்று நினைக்கிறோம். அவற்றில் நான்கைந்து அழைப்புகள் மிச்சப்படுத்தவே கூடாதவை. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோருக்குப் போனில் சொல்லுங்கள். வெளிநாட்டில் தனியாக இருப்பவர் என்றால், முதலில் அருகில் இருக்கும் ஒருவரைப் பிடியுங்கள். எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது என்று துக்க வீட்டார் சொன்ன பிறகே குழுவைத் திறக்க வேண்டும்.

உடலின் படம்

போடாதீர்கள்.

அழைப்பிதழ்

குழுவில் பிடிஎஃப் அனுப்பினால் அழைத்ததாக ஆகாது. தாய்மாமன் வீட்டுக்குத் தாம்பாளத்தோடு நேரில்தான் போக வேண்டும்.

நீல டிக்

2014 நவம்பரில் நீல டிக் வந்ததிலிருந்து, யார் படித்தார்கள் என்று எடுத்துப் பார்த்து, "பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்று சண்டைக்குப் போகும் பழக்கம் தொற்றிக்கொண்டது. நானும் அப்படி என் அத்தையோடு மூன்று வாரம் பேசாமல் இருந்தேன். அவர் போனில் செய்திகளைத் திறப்பவள் ஆறு வயதுப் பேத்தி என்பது பிறகுதான் தெரிந்தது.