பழைய சர்வரின் டேப் டிரைவ் பேச மறுத்தால்

பெங்களூரில் சோலாரிஸ் (ஒரு யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம்) ஓடும் பழைய சர்வரை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. டேப் டிரைவ் (காந்த நாடாவில் பேக்கப் எழுதும் கருவி) வேலை செய்யவில்லை என்றதும் அதைக் கழற்றிவிடாதீர்கள். முதலில் டிரைவின் நிலையைக் காட்டும் 'எம்டி ஸ்டேட்டஸ்' (mt status) கட்டளையைக் கொடுங்கள். டிரைவே தெரியவில்லையா? மெஷினை அணைத்துவிட்டு டிரைவைச் சர்வரோடு இணைக்கும் ஸ்கஸி (SCSI) கேபிளைப் பாருங்கள். அதில் இணைந்த கருவி வரிசையின் இரண்டு முனைகளிலும் டெர்மினேட்டர் (சிக்னலை முடித்துவைக்கும் சிறு பாகம்) இருக்க வேண்டும், நடுவில் கூடாது. இரண்டு கருவிகளுக்கு ஒரே ஐடி எண் ஆகாது. 7 வழக்கமாகக் கன்ட்ரோலருக்கு, அதாவது சர்வர் பக்கமிருந்து இந்த வரிசையை இயக்கும் பாகத்துக்கு. டெர்மினேட்டர் தொலைந்திருந்தால் எஸ்பி ரோட்டில் பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் விற்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

டிரைவ் தெரிந்தும் படிப்பதில் பிழை வந்தால், கிளீனிங் கேசட்டை ஒருமுறை ஓட்டுங்கள்.

அப்புறம், பலரின் பேக்கப்பை அழித்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. பேக்கப் கட்டளையில் டிரைவின் பெயரை '/டெவ்/ஆர்எம்டி/0' (/dev/rmt/0) என்று கொடுத்தால், ஒவ்வொரு வேலை முடிந்ததும் டேப் தொடக்கத்துக்கே சுற்றிக்கொள்ளும். அடுத்த பேக்கப் முந்தையதன் மேலேயே எழுதப்படும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஒரே டேப்பில் பல பேக்கப் வேண்டுமென்றால் கடைசியில் 'என்' சேர்த்து '0என்' (0n) என்று கொடுங்கள்; அப்போது டேப் சுற்றிக்கொள்ளாது. எழுதி முடித்ததும் டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்ற 'எம்டி ரீவைண்ட்' (mt rewind), பிறகு முதல் பேக்கப்பைத் தாண்ட 'எம்டி எஃப்எஸ்எஃப் 1' (mt fsf 1) கொடுத்து, 'டார் டிவிஎஃப் /டெவ்/ஆர்எம்டி/0என்' (tar tvf /dev/rmt/0n) மூலம் இரண்டாவது பேக்கப்பின் பட்டியல் வருகிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.