புதிய கடற்பரப்பில் அரிய திருக்கையைப் பதிவு செய்வது எப்படி?

அதிகம் அறியப்படாத ஒரு திருக்கை இனம் புதிய கடற்பரப்பில் தென்பட்டால், கண்டவரின் சொல் மட்டும் போதாது. ஐயப்படுபவர் தாமே சரிபார்க்கத்தக்க சான்று வேண்டும். இறந்த மீனின் நிறம் விரைவில் மங்கிவிடும் என்பதால், பெயரைத் தேடுவதற்கு முன்பே படங்களை எடுத்துவிடுங்கள்.

முதுகுப்புறத்தையும் வயிற்றுப்புறத்தையும் அளவுகோலுடன் நேர் மேலிருந்து எடுத்த பின், மூக்கு மடல், வாய், நடுமுதுகு முட்கள், வாலின் தோல் மடிப்பு ஆகியவற்றை நெருக்கத்தில் எடுக்க வேண்டும். பலர் வயிற்றுப்புறத்தை விட்டுவிடுவார்கள். பின்னர் அதற்காகத்தான் வருந்த நேரிடும். வால் பெரும்பாலும் ஒடிந்திருக்கும் என்பதால், மொத்த நீளத்தைவிட உடல் தட்டின், அதாவது தலையும் பக்கத் துடுப்புகளும் இணைந்த தட்டையான பகுதியின், அகலமே நம்பத்தக்க அளவு. இடுப்புத் துடுப்புகளின் உட்புறம் விரல் போன்ற இரண்டு உறுப்புகள் இருந்தால் அது ஆண். அவை நீண்டு விறைத்திருந்தால் முதிர்ந்த ஆண். வால்முள்ளின் நஞ்சு மீன் இறந்த பிறகும் வலி தரும் என்பதால் அதைத் துணியால் சுற்றிவிட்டே கையாளுங்கள்.

உரிய அனுமதி இருந்தால், மாதிரியைப் பதப்படுத்தும் ஃபார்மலின் கரைசல் படுவதற்கு முன், மரபணுச் சோதனைக்காகத் துடுப்போரத்திலிருந்து சிறு திசுத்துண்டை வெட்டி 95 விழுக்காடு எத்தனாலில் இடுங்கள். மரபணுத் தரவுத்தளங்களிலும் தவறான இனப் பெயரில் பதிந்த டி.என்.ஏ. வரிசைகள் உண்டு. ஆகையால் அந்தச் சோதனையின் முடிவு உடலமைப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

உயிருள்ள திருக்கையைக் கடலடியில் கண்டால் அதைப் பிடிக்கத் தேவையில்லை. 1908இல் வங்காள விரிகுடாவிலிருந்து விவரிக்கப்பட்ட சிறுகண் திருக்கை, இரண்டு மீட்டருக்கு மேல் அகலம் வளரக்கூடியது. மொசாம்பிக் கடலில் அதன் முதுகிலுள்ள வெண்புள்ளிகளைப் படங்களில் ஒப்பிட்டே தனித்தனி மீன்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

நாள், ஆழம், அடித்தரை, வலையின் வகை ஆகியவற்றோடு பிடிபட்ட இடத்தையும் குறியுங்கள். மீன் கரையிறங்கிய துறைமுகம் பிடிபட்ட இடமாகிவிடாது; படகு எங்கே வலை வீசியது என்பதை மீனவர்களிடம் அன்றைக்கே கேட்டால்தான் சரியான விடை கிடைக்கும். புதிய பதிவுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வலுவிழக்கின்றன.

அறிக்கையில், ஒத்த தோற்றமுள்ள ஒவ்வோர் இனமும் ஏன் இது அல்ல என்பதைக் காரணத்தோடு எழுதுங்கள். ஒரே ஒரு மீன் வழிதவறி வந்ததாகவும் இருக்கலாம். குட்டிகளும் சினையுற்ற பெண் மீன்களும் கிடைக்காதவரை அது அங்கே இனப்பெருக்கம் செய்கிறது என்று எழுதக்கூடாது. மாதிரியை அருங்காட்சியகத்தில் ஒப்படைத்திருந்தால், அதன் பதிவெண்ணையும் அறிக்கையில் சேர்த்துவிடுங்கள்.