பள்ளியில் மாணவர் நலன்: அக்கறை இருந்தும் பிள்ளைகள் கைநழுவும் இடங்கள்

ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி அடிக்கடி லீவு போடுகிறாள். அது வகுப்பாசிரியருக்குத் தெரியும். பள்ளிக்கு வரும் நாளிலும் மதியம் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சத்துணவு அமைப்பாளருக்குத் தெரியும். முன்பு முதல் ஆளாக மைதானத்துக்கு வந்தவள் இப்போது மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறாள் என்று உடற்கல்வி ஆசிரியருக்குத் தெரியும். வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடுவது தோழிக்கு மட்டும் தெரியும். நான்கு பேரும் அவள்மேல் அக்கறை உள்ளவர்கள்தான். ஆனால் நான்கு செய்தியும் ஓர் இடத்தில் சேரவில்லை. சேர்ந்திருந்தால் அன்றைக்கே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ மாவட்டச் சமூக நல அலுவலருக்கோ ஓர் அழைப்பு போயிருக்கும்.

தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவி பெறும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது, மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு இருக்கிறது, பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவக் குழு வருகிறது, 2024 முதல் மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை என்று குழுக்களாகப் பிரிக்கும் ‘மகிழ் முற்றம்’ திட்டமும் வந்துவிட்டது. பெரும்பாலான பள்ளிகளில் இல்லாதது, இவற்றையெல்லாம் இணைத்துப் பார்க்கும் ஓர் ஆள். அந்தப் பொறுப்பு ஏதோ ஓர் ஆசிரியரின் தலையில் விழுகிறது, அல்லது யார் தலையிலும் விழாமல் போகிறது. அப்படிப் பொறுப்பேற்றவர்களும் தலைமை ஆசிரியர்களும் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளைப் பற்றியது இந்தக் கட்டுரை.

‘எல்லாருக்கும் பொறுப்பு இருக்கிறது’ என்று விட்டுவிடுவது

ஊழியர் கூட்டத்தில் இது நன்றாகத்தான் ஒலிக்கும். நடைமுறையில், ஒரு பிள்ளைக்குப் பிரச்சினை என்றால் யாரிடம் சொல்வது என்று புது ஆசிரியருக்குத் தெரியாது. பெயர் சொல்லி ஒருவரை நியமிக்க வேண்டும், அவர் விடுப்பில் இருந்தால் பார்க்க இன்னொருவரையும். பணிமூப்பு வரிசைப்படி நியமிக்காதீர்கள். பிள்ளைகள் ஏற்கெனவே யாரைத் தேடிப் போய்ப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். தமிழ் அம்மாவாக இருக்கலாம், நூலகப் பொறுப்பாளராக இருக்கலாம், அவர்தான் சரியான ஆள். இருபாலர் பள்ளி என்றால் ஓர் ஆண், ஒரு பெண் என்று இருவர் இருப்பது நல்லது.

நியமித்தால் மட்டும் போதாது, நேரமும் தர வேண்டும். வாரத்துக்கு 28 பாடவேளை எடுத்து, தேர்வுப் பணியும் பார்த்து, நடுவே மாணவர் நலனும் பார் என்றால் கடைசியில் சொன்னதுதான் முதலில் விடுபடும். 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் என்ற தனிப் பணியிடமே வேண்டும் என்று 2024-இல் பரிந்துரைத்தது. எனக்கு அதில் முழு உடன்பாடு. அப்படி ஒருவர் உங்கள் பள்ளிக்கு வரும்வரை, தலைமை ஆசிரியர் தன் கையில் இருக்கும் கால அட்டவணையில் இரண்டு பாடவேளையாவது ஒதுக்கலாம்.

வாரம் ஒருமுறை, அரை மணி நேரத்துக்குள் முடியும் ஒரு சிறு கூட்டமும் தேவை. வகுப்பாசிரியர்கள் கவலைக்குரிய பெயர்களை மட்டும் சொன்னால் போதும். உடற்கல்வி ஆசிரியரையும் சத்துணவு அமைப்பாளரையும் விட்டுவிடாதீர்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் காப்பாளரிடம் ஒரு போன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘யார், என்ன, எந்தத் தேதிக்குள்’ என்று எழுதாமல் கூட்டத்தை முடித்தால், அது வெறும் புலம்பலாகத்தான் இருந்திருக்கும்.

பிள்ளைகள் தாமாக வந்து சொல்வார்கள் என்று காத்திருப்பது

‘மாணவர் மனசு’ பெட்டி எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். பல இடங்களில் தலைமை ஆசிரியர் அறை வாசலில், போகிற வருகிற எல்லாரும் பார்க்கும்படி இருக்கும். அதில் கடிதம் போட எந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்? குடிநீர்த் தொட்டிப் பக்கமோ நூலகத்துக்குள்ளோ மாற்றினாலே வித்தியாசம் தெரியும். திறக்கும் நாளைச் சொல்லிவிட்டு, அந்த நாளில் தவறாமல் திறக்க வேண்டும்.

பெட்டியைவிட நம்பகமானது வருகைப் பதிவேடு. மொத்தச் சதவீதத்தைப் பார்த்தால் எதுவும் தெரியாது, எந்த நாள் வரவில்லை என்று பார்க்க வேண்டும். திங்கள்தோறும் வராதவன் ஞாயிறு இரவு வரை வேலைக்குப் போகிறவனாக இருக்கலாம். மாதம் மூன்று நாள் வராதவளுக்குப் பள்ளிக் கழிப்பறை பிரச்சினையாக இருக்கலாம். குறிப்பிட்ட ஒரு பாடவேளைக்கு முன்பு மட்டும் வயிற்றுவலி வருகிறது என்றால், அந்தப் பாடவேளையில் என்ன நடக்கிறது என்று விசாரிக்க வேண்டும். ‘லாங் ஆப்சென்ட்’ பட்டியலில் பெயர் ஏறிய பிறகு வீடு தேடிப் போவது பெரும்பாலும் தாமதம்தான்.

ஆண் பிள்ளைகள் இந்தக் கணக்கில் அதிகம் விடுபடுகிறார்கள். ஒரு மாணவி அழுதால் ‘என்ன கஷ்டமோ’ என்கிறோம். ஒரு மாணவன் பெஞ்சை உடைத்தால் ‘சேட்டை’ என்று எழுதி அப்பாவைக் கூட்டிவரச் சொல்கிறோம். இருவருக்கும் வீட்டில் ஒரே விதமான பிரச்சினையாக இருக்கலாம். ஒழுங்கு நடவடிக்கைப் பட்டியலில் வரும் ஒவ்வொரு பெயரும் நலப் பட்டியலிலும் ஏற வேண்டும்.

நாமே விசாரித்து முடிக்கப் பார்ப்பது

எல்லாத் தவறுகளிலும் ஆபத்தானது இதுதான். ஒரு பிள்ளை பாலியல் சீண்டல் பற்றிச் சொன்னதும், ‘முதலில் உண்மையா என்று பார்ப்போம்’ என்று பள்ளிக்குள்ளேயே ஒரு விசாரணை தொடங்கிவிடுகிறது. வகுப்பாசிரியர் கேட்கிறார், உதவித் தலைமை ஆசிரியர் கேட்கிறார், அப்புறம் தலைமை ஆசிரியர். குற்றம் சாட்டப்பட்டவரையே பிள்ளையின் எதிரே நிறுத்திக் கேட்பதும் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளை அதை மறுபடியும் வாழ்கிறது. சொல் மாறுகிறது, பயம் கூடுகிறது, ஒரு கட்டத்தில் ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிடுகிறது.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு எதிராகக் குற்றம் நடந்தது என்று தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்ச இடமிருந்தாலோ, காவல்துறைக்கு அல்லது சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இது பிரிவு 19. மறைத்தால் பிரிவு 21-இன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை போகும். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவருக்கு அதே சட்டம் பாதுகாப்பும் தருகிறது. உண்மையா பொய்யா என்று கண்டுபிடிப்பது ஆசிரியரின் வேலை இல்லை. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்பதும், ‘பொம்பளப் புள்ள வாழ்க்கை’ என்பதும் புகார் சொல்லாமல் இருக்கக் காரணம் ஆகாது.

அப்படியானால் ஆசிரியர் செய்ய வேண்டியது என்ன? கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள், ‘ஏன் அப்பவே சொல்லல?’ என்று கேட்காதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே, தேதி நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கே தகவல் போக வேண்டும். வழி தெரியாமல் தடுமாறினால் 1098-ஐ அழைத்தால் வழிகாட்டுவார்கள். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வந்துதான் காவல்துறை பதிவுசெய்ய வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதையும் அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சொல்லுங்கள். பாதிப் பயம் போய்விடும்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுப்பது

‘மிஸ், யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னாத்தான் சொல்லுவேன்.’ இதைக் கேட்காத ஆசிரியர் இருக்க மாட்டார். பாசத்தில் சரி என்று சொல்லிவிட்டால், பிள்ளை சொல்லும் விஷயம் சட்டப்படி தெரிவிக்க வேண்டியதாக இருக்கும்போது இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வீர்கள். ‘உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா மட்டும் உதவி பண்ணக்கூடிய ஒருத்தர்கிட்ட சொல்லுவேன், அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதற்குப் பிறகும் பேசத்தான் செய்கிறார்கள்.

இதன் மறுபக்கம் ஸ்டாஃப் ரூம் பேச்சு. காலையில் ஆலோசனை நேரத்தில் சொன்ன வீட்டு விஷயம் மதியம் டீ குடிக்கும்போது ஊர்க்கதையாகிறது. எல்லா ஆசிரியருக்கும் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. கணக்கு ஆசிரியருக்கு ‘இரண்டு வாரம் வீட்டுப்பாடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்’ என்பது போதும், ஏன் என்பது வேண்டாம். குறிப்பேடு பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளையின் பெயரும் வரக்கூடாது.

இரு தரப்பையும் நிறுத்திச் சமாதானம் பேசுவது

அடிதடிக்கும் தொடர்ந்த துன்புறுத்தலுக்கும் வேறுபாடு உண்டு. இரண்டு பேர் சண்டை போட்டால் கைகுலுக்க வைக்கலாம். ஒருவனைப் பலர் சேர்ந்து நாள்கணக்கில் வதைக்கும்போது, எல்லாரையும் அறையில் நிறுத்தி ‘யார் யார் என்ன செய்தார்கள், சொல்’ என்றால் புகார் கொடுத்தவன் யார் என்று அறிவித்ததாகிவிடும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்ததை நாம் மறக்கக்கூடாது. சக மாணவர்களின் சாதியத் துன்புறுத்தலால் பள்ளிக்கு வராமல் நின்ற பட்டியல் சமூக மாணவன், அதைப் பள்ளியில் தெரிவித்த பிறகு, அவர்கள் இரவில் வீடு புகுந்து அவனையும் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். தெரிவித்ததில் தவறே இல்லை. தெரிவித்த பிள்ளைக்கு அன்று மாலை முதல் என்ன பாதுகாப்பு என்பதுதான் ஒவ்வொரு பள்ளியும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

பேருந்தில் யாரோடு போகிறான், இடைவேளையில் யார் கண்ணில் இருக்கிறான், அவன் தெருவும் அவர்கள் தெருவும் எவ்வளவு தூரம்? இதையெல்லாம் யோசித்த பிறகுதான் எதிர்த்தரப்பைக் கூப்பிட வேண்டும், அதுவும் தனித்தனியாக. மிரட்டல் இருந்தால் காவல்துறைக்குச் சொல்லத் தயங்காதீர்கள். கையில் கட்டும் சாதிக் கயிறு, சைக்கிளில் ஒட்டும் சாதிப் படம், கழிப்பறைச் சுவர் எழுத்து எல்லாம் முன்னறிவிப்புகள். சாதியை ‘பசங்க சண்டை’ என்று பெயர் மாற்றி எழுதிக்கொண்டால், நம் குறிப்பேடே நம்மை ஏமாற்றும்.

உதவி எண்ணைச் சுவரில் எழுதிவிட்டு வேலை முடிந்தது என்பது

14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். 14416 மனநலத்துக்கான டெலி மானஸ், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். கடைசி இலக்கம்தான் வேறு, ஆசிரியர்களே மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். எந்த எண் எதற்கு என்று ஒரு வரியாவது பக்கத்தில் எழுதி வையுங்கள். முதல் அழைப்பை உங்கள் போனிலிருந்து, நீங்கள் உடன் இருந்து போடுங்கள்.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்பும்போதும் இதேதான். சீட்டைக் கையில் கொடுத்தால் பத்தில் ஒருவர் போனாலே பெரிது என்பது என் எண்ணம். கூலி வேலைக்குப் போகும் அம்மாவுக்கு ஒரு நாள் சம்பளம் போகும், ‘பைத்தியம்’ என்று ஊர் சொல்லும் என்ற பயம் வேறு. எந்தக் கிழமை மருத்துவர் இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டுச் சொல்லுங்கள். முடிந்தால் ஒருவர் கூடப் போங்கள். போய் வந்த மறுநாள் பிள்ளையை ஒரு நிமிடம் பாருங்கள்.

ஒரு பிள்ளை ‘இருந்து என்ன ஆகப்போகுது’ என்று சொன்னால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. ஆமாம் என்றால் அந்த நொடியிலிருந்து பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அன்றைக்கே பெற்றோர் வர வேண்டும், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். மதிப்பெண்ணுக்காகத் திட்டுவதை அன்று யாரும் செய்யக்கூடாது, வீட்டிலும்.

உடம்பை மறந்துவிடுவது

தூங்குகிறாள், கவனமில்லை, எரிச்சல் படுகிறாள் என்றால் உடனே மனதைத் தேடுகிறோம். அவளுக்கு ரத்தசோகையாக இருக்கலாம். வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை ஜன்னல் வழியாக வெளியே போகிறதா, சாப்பிட்ட பிறகு உள்ளே போகிறதா என்று பாருங்கள். போர்டு தெரியாதவன் பின் பெஞ்சில் பேசிக்கொண்டுதான் இருப்பான். எழுத்துகளை மாற்றிப் படிக்கும் பிள்ளையை ‘சோம்பேறி’ என்று பத்தாம் வகுப்பு வரை இழுத்துவந்து, பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதம் டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு என்று கண்டுபிடிப்பது கொடுமை. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. ஆனால் மருத்துவச் சான்றோடு முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை ஜூலையிலேயே கூப்பிடுங்கள்.

பெற்றோரைக் குற்றம் சொல்ல மட்டும் கூப்பிடுவது

பள்ளியிலிருந்து போன் என்றாலே பயப்படும் வீட்டில், முக்கியமான நாளில் நம் போனை எடுக்க மாட்டார்கள். வருடத் தொடக்கத்தில் ஒரு நல்ல செய்திக்காக ஒருமுறை பேசிவிடுங்கள். ஆனால் பிரச்சினையே வீட்டுக்குள் இருக்கிறது என்று சந்தேகம் இருந்தால், வீட்டுக்கு போன் போடும் முன் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் பேசுங்கள்.

கைமாறும்போது எல்லாவற்றையும் தொலைப்பது

கோடையில் இடமாறுதல் கலந்தாய்வு வரும். பொறுப்பாசிரியர் வேறு ஊர் போவார், அவர் மனதில் இருந்த முப்பது பிள்ளைகளின் கதையும் கூடவே போய்விடும். ஜூனில் புதிதாக வருபவர் முதலிலிருந்து தொடங்குவார். பிள்ளைகளோ, ஏற்கெனவே சொன்னதை இன்னொருவரிடம் திரும்பச் சொல்ல விரும்புவதில்லை. ஏப்ரலிலேயே ஒரு பக்கம் தயார் செய்யுங்கள்: பெயர், வகுப்பு, இதுவரை செய்தது, அடுத்து செய்ய வேண்டியது, அந்தப் பிள்ளை யாரிடம் பேசும். காரணம் அதில் வேண்டாம். அதைப் பூட்டிய குறிப்பேட்டோடு சேர்த்துத் தலைமை ஆசிரியரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். பட்டியலில் உள்ள பிள்ளைகளிடம், அடுத்த வருடம் யாரைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டுப் போங்கள். பத்தாம் வகுப்பு முடித்து வேறு மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறவர்களுக்கு, பெற்றோரின் சம்மதத்தோடு அங்கே உள்ள ஓர் ஆசிரியரிடம் ஒரு போன் பேசி வையுங்கள்.